கீழிருந்து வர வேண்டிய தகவல்

செங்கம் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருக்கிறேன். மேலிருந்து வரும் தகவலுக்கு எங்களிடம் பஞ்சமே இல்லை. சுற்றறிக்கை வாட்ஸ்அப்பில் வந்துவிடும். பள்ளி, மாணவர் விவரங்களைப் பதியும் அரசின் எமிஸ் தளத்தில் இன்றே பதிவேற்றச் சொல்லுவார்கள். காலை வணக்கக் கூட்டத்தில் நான் அறிவித்துவிடுவேன். பிள்ளைகளும் பெற்றோரும் சொல்ல வேண்டியது எங்களிடம் வந்து சேர்வதுதான் பெரும்பாடு. ஒரு பள்ளி ஒழுங்காக நடப்பது அதைப் பொறுத்துத்தான் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஒன்பதாம் வகுப்புப் பையன் இரண்டு நாள் வரவில்லை என்று வையுங்கள். சேர்க்கையின்போது கொடுத்த எண் அப்பாவுடையது. அவர் பெங்களூருவில் கட்டட வேலையில் இருக்கிறார். பையன் இருப்பது பாட்டியோடு, பாட்டியிடம் போன் கிடையாது. எமிஸில் 'வரவில்லை' என்று பதிவாகும். ஏன் வரவில்லை என்பதை ஊர்தான் சொல்ல வேண்டும். அதனால் ஒவ்வொரு தெருவிலும் ஓரிரு வீட்டு எண்களை வகுப்பாசிரியர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். "அவன் மாமாகூட வேலைக்குப் போறான் டீச்சர்" என்று உடனே தெரிந்துவிடும். அன்று மாலையே வீட்டுக்குப் போனால் பேசி அழைத்து வந்துவிடலாம். ஒரு மாதம் கூலி வாங்கிப் பழகிவிட்டால் அவ்வளவு சுலபமில்லை.

பெண்பிள்ளைகள் கழிப்பறைத் தாழ்ப்பாள் உடைந்ததைக்கூட என்னிடம் சொல்ல மாட்டார்கள், தூய்மைப் பணியாளர் அக்காவிடம் சொல்லுவார்கள். அதனால் ஆசிரியர் கூட்டத்தில் அவரையும் உட்கார வைக்கிறோம். பிள்ளைகள் தங்கள் குறைகளை எழுதிப் போடும் 'மாணவர் மனசு' பெட்டியை என் அறை வாசலிலிருந்து குடிநீர்க் குழாய்ப் பக்கம் மாற்றினோம். என் கண்ணெதிரே யார் சீட்டு போடுவார்கள்? இப்போது சீட்டுகள் வருகின்றன.

அப்புறம், பள்ளி மேலாண்மைக் குழு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் வேலை நாள் பிற்பகலில் கூட்டினால் கூலிக்குப் போகிற அம்மா எப்படி வருவார்? கையெழுத்துக்கு ஆள் தேடுகிற கூட்டமாக அது ஆகிவிடக் கூடாது. ஆகவே முடிவெடுக்கும் முன் உறுப்பினர்களிடம் மாலையில் போனில் கேட்டுவிடுகிறோம். எழுத்து தெரியாதவர்களுக்குக் கூட்ட முடிவுகள் குரல் பதிவாகப் போகும். அதைக் கேட்டுவிட்டுத் திரும்பப் பதில் பேசி அனுப்புகிறார்கள்.

பெங்களூரு போனவர்கள் கார்த்திகை தீபத்துக்கும் பொங்கலுக்கும் ஊருக்கு வருவார்கள். இந்த முறை தீபத்துக்கு மறுநாள் காலை பத்தாம் வகுப்புப் பெற்றோரை அழைத்திருக்கிறோம். அப்பாக்களின் புது எண்களை அன்றே வாங்கிவிட வேண்டும்.