ஜன்னலை மூடுங்கள் அக்கா

நவம்பர் 4, திங்கள்

தண்ணீர் புகுந்த வீடு, கடைகளைக் காயவைப்பது எங்கள் வேலை. காலை ஏழு மணிக்கே போன். சிங்கப்பூர் ஈசூனில் ஒரு நாலறை வீடு. தீபாவளி முடிந்து குடும்பத்தோடு ஜோகூர் போயிருந்தவர்கள் நேற்றிரவு திரும்பிப் பார்த்தால், வாசலில் போட்ட கோலம் கரைந்து நடைபாதையெல்லாம் சிவப்பும் பச்சையுமாக ஓடிக்கிடந்ததாம். கிச்சன் சிங்குக்கு அடியில் இருந்த வளையும் குழாய் வெடித்திருக்கிறது. பத்து வெள்ளி (டாலர்) சாமான். 2010 ஜூன் 16-ல் ஆர்ச்சர்டு சாலையில் வெள்ளம் வந்து லக்கி பிளாசா அடித்தளக் கடைகளுக்குள் தண்ணீர் புகுந்ததை எங்கள் முதலாளி இன்னும் சொல்லிக்கொண்டிருப்பார், ஆனால் அன்றாடம் எங்களுக்குச் சோறு போடுவது இந்தப் பத்து வெள்ளிக் குழாய்தான்.

நாங்கள் போவதற்குள் அவர்களே எல்லாவற்றையும் துடைத்துவிட்டார்கள். "தரை காஞ்சிதானே கிடக்கு தம்பி, எதுக்கு இவ்வளவு மெஷின்?" என்றார் வீட்டுக்கார அக்கா. மின்பெட்டியில் கிச்சன் பக்கத்து சுவிட்சை அணைத்துவிட்டு, வினைல் தரையில் ஒரு பலகையை நெம்பிக் காட்டினேன். பழைய டைல்ஸுக்கும் வினைலுக்கும் நடுவில் தண்ணீர் அப்படியே நின்றது. அலமாரியின் அடிப்பலகையைக் கழற்றி, ஈரம் அளக்கும் மீட்டரின் ஊசியைக் குத்தினால் 28 சதவீதம். நனையாத படுக்கையறை அலமாரியில் 14. நனைந்ததும் அந்த 14-க்கு இறங்க வேண்டும், அதுதான் எங்களுக்குக் கணக்கு. அதை விட்டுவிட்டு கையால் தொட்டுப் பார்த்து, காய்ந்துவிட்டது என்று சொல்கிறவர்களை நான் நம்புவதே இல்லை.

வினைலை உரித்தோம். விசிறி மூன்று, ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்று வைத்தோம். நனைந்து ஒன்றிரண்டு நாளிலேயே பூஞ்சை பிடிக்க ஆரம்பித்துவிடும், எனவே ராத்திரியும் ஓடட்டும், ஜன்னலை மட்டும் திறக்காதீர்கள் என்று மூன்று தடவை சொல்லிவிட்டு வந்தேன்.

நவம்பர் 5, செவ்வாய்

மெஷின் உறிஞ்சிய தண்ணீர் வாளியில் 18 லிட்டர். அலமாரி 24. நல்லபடியாக இறங்குகிறது.

கீழ்வீட்டு சீன அங்கிள் கூரையில் மஞ்சள் கறையைப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தார். அக்கா முகம் வாடிவிட்டது. கறை இனிமேல் பெரிதாகாது, காய்ந்த பிறகு பெயின்ட் அடித்துக்கொள்ளலாம், இப்போதே அடித்தால் உப்பிக்கொண்டு வரும் என்று நான்தான் நடுவில் நின்று சொன்னேன்.

நவம்பர் 6, புதன்

இன்றைக்கு வாளியில் 22 லிட்டர். அக்காவுக்குச் சந்தோஷம். மீட்டர் வைத்தால் 24, நேற்று இருந்த அதே எண். ஏதோ நடந்திருக்கிறது என்று பார்த்தால், சத்தம் தாங்கவில்லை என்று ராத்திரி மெஷினை அணைத்துவிட்டு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து வைத்திருக்கிறார்கள், காற்றோட்டமாகக் காயட்டும் என்று. காலையில் மறுபடி மெஷினைப் போட்டவர்கள் ஜன்னலை மூடவில்லை. விடிய விடிய மழை வேறு. அந்த 22 லிட்டரில் பெரும்பங்கு வானத்துத் தண்ணீர்!

ஊரில் வெயில் காலத்தில் கதவைத் திறந்து போட்டால் எதுவும் காய்ந்துவிடும். இங்கே காலை நேரத்தில் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டி நிற்கும். விசிறி, பலகையில் இருக்கும் ஈரத்தைக் காற்றுக்கு ஏற்றும், அவ்வளவுதான். அந்தக் காற்றிலிருந்து ஈரத்தைப் பிடுங்குவது மெஷினுக்குள் இருக்கும் குளிர்ந்த குழாய், தே பெங் (ஐஸ் போட்ட டீ) கிளாஸுக்கு வெளியே நீர் கோத்து நிற்குமே, அதே வேலை. ஜன்னல் திறந்திருந்தால் மெஷின் ஈசூன் முழுவதையும் காயவைக்கப் பார்க்கும்.

இதெல்லாம் சொல்லியும் அக்கா தலையை மட்டும் ஆட்டினார். அப்புறம் மேசையில் இருந்த டின்னைப் பார்த்து, "முறுக்கு டின்னை ஏன் அக்கா மூடி வைக்கிறீங்க?" என்றேன்.

"திறந்து வச்சா நமுத்துப் போயிடாதா?"

சொல்லிவிட்டு அவரே எழுந்து போய் ஜன்னலை மூடினார். கரண்டு பில் பயமும் இருந்திருக்கிறது. எல்லாம் சேர்த்து மணிக்கு ஒரு யூனிட், யூனிட்டுக்கு முப்பது காசு சொச்சம், ஒரு நாளைக்கு எட்டு வெள்ளி வரும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். முதல் நாளே காட்டியிருக்க வேண்டும், என் தப்புதான்.

நவம்பர் 7, வியாழன்

அலமாரி 19.

மதியம் தேக்கா பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடை, கழிவு நீர்க் குழாய் அடைத்து கிச்சனுக்குள் பொங்கிவிட்டது. இது வேறு கதை. பூட்ஸ், கையுறை, முகமூடி. கடைக்காரர் எடுத்த எடுப்பில் விசிறியைப் போடச் சொன்னார், மாட்டேன் என்றேன், கிருமிநாசினி போட்டுக் கழுவுவதற்கு முன்னால் விசிறி போட்டால் அந்த அசுத்தம் காற்றில் ஏறி கடை முழுக்கப் பரவிவிடும். தரையில் இருந்த அரிசி மூட்டைகளைத் தூக்கிப் போட அவருக்கு மனசே வரவில்லை. மேல் பாதி நனையவில்லையே என்றார். ஒரே மூட்டை அண்ணே, என்றேன்.

நவம்பர் 9, சனி

அலமாரி 15, சிங்குக்கு அடியில் மட்டும் 17. மெஷினையும் இரண்டு விசிறியையும் வேனில் ஏற்றிவிட்டு, அந்த மூலைக்கு ஒரு விசிறியை விட்டு வந்தேன். பிளைவுட் பக்கங்கள் தப்பிவிட்டன. அடித்தட்டு சிப்போர்டு (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை), ரொட்டி மாதிரி ஊதிவிட்டது, அது காய்ந்தாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பாது, மாற்றித்தான் ஆக வேண்டும்.

நவம்பர் 11, திங்கள்

மூலையிலும் 14. விசிறியை எடுத்துக்கொண்டேன். சிங்குக்கு அடியில் புதுக் குழாய் மாட்டியிருந்தார்கள். அடுத்த தடவை ஜோகூர் போகும்போது மெயின் வால்வை மூடிவிட்டுப் போங்கள் என்றேன். அது எங்கே இருக்கிறது என்று கேட்டார் அக்கா. கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன், அதற்கு முன்னால் செருப்பு அலமாரியை நகர்த்த வேண்டியிருந்தது.