சொல்லாமல் வருகிற ஐயர்

“சகோதரி, அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு ஜெபிக்க வரலாமா? அரை மணி நேரம் போதும்.” சிங்கப்பூர் வந்த புதிதில் பாஸ்டரிடமிருந்து இப்படி வாட்ஸ்அப் வந்தபோது, ஆள் மாறி அனுப்பிவிட்டார் என்றே நினைத்தேன். எங்கள் ஊரில் பாஸ்டரை ஐயர் என்றுதான் சொல்வோம். வீட்டுக்கு வர ஐயர் அனுமதி கேட்பாரா?

எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டத்து மெஞ்ஞானபுரம் பக்கம். அங்குள்ள தேவாலயத்தின் 192 அடிக் கோபுரம் கண்ணில் படுகிற தூரத்தில் வளர்ந்த எனக்கு, ஐயர் என்றால் சொல்லாமல் வருகிறவர். அதுவும் கருவாடு பொரிக்கிற நேரமாகப் பார்த்து. பின்னாலேயே அவருக்கு உதவியாக இருக்கிற உபதேசியார், கையில் சங்கக் காணிக்கை என்கிற சபைச் சந்தா நோட்டு. அம்மா அவசரமாக டிவியை அணைத்து, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, என்னைப் பக்கத்து வீட்டுக்குக் காப்பித்தூள் வாங்க விரட்டுவாள். “என்ன பாப்பா, ரெண்டு வாரமா கோயில் பக்கம் ஆளையே காணோம்?” என்று கேட்டுவிட்டுத்தான் ஐயர் உட்காருவார். என் கணக்கு மார்க், அக்காவுக்குத் தட்டிப்போன வரன், சித்தப்பாவின் குடி எல்லாம் ஜெபத்தில் வந்துவிடும், தெருவுக்கே கேட்கிற குரலில். அப்போது பற்றிக்கொண்டு வரும். இங்கே செங்காங்கில் மாதக்கணக்கில் ஆராதனைக்குப் போகாவிட்டாலும் ஒரு புறா ஸ்டிக்கர்தான் வருகிறது. யாராவது ஏசினால் தேவலை என்றிருக்கிறது.

பாஸ்டரைக் குறை சொல்ல முடியாது. சபையில் பாதிப் பேர் ஷிப்ட்டு வேலை. வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதியான டார்மிட்டரியில் இருக்கிற தம்பிகளையும் அவர்தான் போய்ப் பார்க்கிறார். தமிழ் ஆராதனை முடியும்போதே அடுத்த மொழிக்காரர்கள் வாசலில் நிற்பதால் பிரசங்கம் நீளாது. நம்மூருக்கும் இது வந்தால் நல்லது. காணிக்கைக்குத் திரையில் கியூஆர் கோடு. சரி, எல்லாம் பழகிவிட்டது.

சாவுதான் பழகவில்லை. எங்கள் பிளாக்கில் சபைப் பாட்டி ஒருவர் இறந்த இரவு, யாரிடமும் நேரம் கேட்காமல் பாஸ்டர் வந்துவிட்டார். கீழே வாய்ட் டெக்கில், அதாவது பிளாக்கின் திறந்த தரைத்தளத்தில், தினமும் மாலை ஜெபம், கீர்த்தனை. பின்வரிசை நாற்காலிகளில் சீன அண்டை வீட்டார். அப்புறம் மண்டாய் தகனச்சாலை. சுவா சூ காங்கில் புதைக்கலாம், ஆனால் 15 வருடம்தான். பிறகு தோண்டி எடுத்துவிடுவார்கள். சின்ன நாடு, நியாயம்தான். ஆனால் எங்கள் ஆச்சி, அவளுடைய ஆச்சி எல்லாரும் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் போட்ட இடத்திலேயே கிடக்கிறார்கள்.

போன வாரம் அம்மா போன் செய்தாள். ஸ்தோத்திரப் பண்டிகையில் காணிக்கையாக வந்த பொருட்களைக் கோயிலில் ஏலம் விட்டபோது அண்ணன் வீம்புக்கு ஒரு சேவலை எடுத்துவிட்டு, பணம் கட்டாமல் திரிகிறானாம். புது ஐயர் வீட்டுக்கே வந்துவிட்டாராம். சேவல் குழம்பாகி அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்ததாம்.