பெத்தாவின் சீதன வீடு

இரவு ரயில் மட்டக்களப்புக்கு வந்து சேர்ந்தபோது இன்னும் சரியாக விடியவில்லை. நிலையத்துக்கு வெளியே ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு, கல்முனைக்குப் போகும் பஸ்ஸில் வலது பக்க யன்னலோரமாக இருந்துகொண்டேன். தெற்கே போகும்போது கடல் இடது பக்கம், வாவி வலது பக்கம். கல்லடிப் பாலத்தில் ஏறியதும் கீழே ஒரு தோணி வலை இழுத்துக்கொண்டிருந்தது. காத்தான்குடி, ஆரையம்பதி, கிரான்குளம் எல்லாம் அரைத் தூக்கத்தில் போய்விட்டன. களுதாவளையில் ஒருவர் வெற்றிலைக் கட்டுகளோடு ஏற, பஸ் முழுக்க அந்தப் பச்சை வாசம். களுவாஞ்சிக்குடியில் இறங்கி, ஆட்டோ பிடித்து, குருமண்வெளி.

இந்த வழியில் இரண்டு வருடமாக வந்து போகிறேன். வரும்போதெல்லாம் பையில் அளவு நாடாவும் பழைய உடுப்பும் இருக்கும். இந்த முறை அவை இல்லை. திருத்தி முடித்த வீட்டைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுவதற்கு முன்னால் ஒரு ஆள் விருந்தாளியாக வந்து தங்கிப் பார்க்க வேண்டும் என்று முடிவாகி, அந்த ஆள் நான் என்றும் முடிவாகியிருந்தது.

படலையடியில் பெரியம்மா நின்றா. பின்பக்கமாகக் குசினிக்குள் நுழையப் போன என்னை மறித்தா. "இஞ்சால வராத மகள். ஆக்கள் வாற மாதிரி முன்வாசலால வா." சரி என்று திரும்பிப் போய் முன்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன்.

இந்த வீட்டைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது, இது பெத்தாவின் சீதன வீடு. பெத்தா என்றால் எங்கள் பக்கத்தில் அம்மம்மா. அவவின் கலியாணத்துக்கென்று அவவின் தகப்பன் கட்டிய வீடு. மட்டக்களப்பில் வீடு மகளுக்குத்தான். கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். அடுத்த மகளுக்கும் முடிந்தால் தாய் தகப்பன் அதே வளவுக்குள் இன்னொரு சின்ன வீட்டைக் கட்டிக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். அதனால்தான் ஒரு வளவுக்குள் நாலைந்து கூரைகள் தெரியும். கேட்டால் எல்லாரும் அக்கா தங்கைமார். தாய்வழிச் சொத்துக்கென்று இருந்த முக்குவர் சட்டம் 1876லேயே நடைமுறையிலிருந்து போய்விட்டது. வழக்கம் மட்டும் போகவில்லை. பெத்தாவிடமிருந்து வீடு மூத்த மகளான பெரியம்மாவுக்கு வந்தது. பெரியம்மாவிடமிருந்து அவவின் ஒரே மகளுக்கு, எனக்கு அக்கா முறை, எழுதப்பட்டது. அக்கா லண்டனில் இருக்கிறா.

வீடு பாழானதற்குக் காரணமும் அதற்குள்தான் இருக்கிறது. 1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளி கூரையைக் கொண்டு போனது. 1990இல் எல்லாரும் இடம்பெயர்ந்தோம். இரண்டு முறையும் வீடு எழும்பி நின்றது, ஏனென்றால் திரும்பி வர ஒரு பெண் பிள்ளை இருந்தது. அக்கா கடல் கடந்த பிறகுதான் யன்னல்கள் மூடின. பெரியம்மா பின்னால் உள்ள சின்ன வீட்டில் இருந்துகொண்டு, விளக்கு வைக்க மட்டும் வெள்ளிக்கிழமைகளில் கதவைத் திறப்பா. மகள் வராத வீடு இப்படித்தான் போகும். வாவிக்குக் கிழக்கே கடல் பக்கமாக உள்ள எழுவான்கரையில் எங்கு பார்த்தாலும் இப்படிப் பூட்டின வீடுகள் உண்டு.

சுற்றுலா வீடாக்கலாம் என்று சொன்னது அக்கா. காசும் அவவுடையதுதான். கொழும்பிலிருந்து ஓடி ஓடி வந்து வேலை பார்த்தது நான்.

முதல் பயணத்தில் நான் பார்த்தது முன்மண்டபச் சுவர். இடுப்பளவு உயரம் வரை சீமெந்துப் பூச்சு வீங்கி, தட்டினால் பானை மாதிரிச் சத்தம் போட்டது. உள்ளங்கை அகலத்தில் ஒரு துண்டைப் பெயர்த்தேன். பின்னால் செங்கல் இல்லை. செங்கல் இருந்த இடத்தில் சிவப்பு மாவு இருந்தது. விரலால் தொட்டால் கொட்டியது. அதன் மேல் வெள்ளை வெள்ளையாக உப்பு, பஞ்சு மாதிரி மெல்லிய ஊசிகளாக. நாக்கில் வைத்துப் பார்த்தேன், கரித்தது.

சூறாவளிக்குப் பிறகு வீட்டைத் திருத்தியவர்கள் நல்ல மனத்தோடு, பலமாக இருக்கட்டும் என்று, சுண்ணாம்புப் பூச்சைக் கொத்திவிட்டுச் சீமெந்து பூசியிருக்கிறார்கள். வாவியோரத்து நிலம் உவர் நிலம். அத்திவாரத்தில் ஈரத்தைத் தடுக்க ஒன்றும் போடாத அந்தக் காலத்துச் சுவர், நிலத்து ஈரத்தை விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல மேலே இழுக்கும். சுண்ணாம்புப் பூச்சு இருந்த வரைக்கும் அந்த ஈரம் பூச்சின் வழியாகக் காற்றில் போய்விடும். சீமெந்து அந்த வழியை அடைத்துவிட்டது. ஈரம் உள்ளேயே நின்று, அதில் கரைந்திருந்த உப்பு செங்கல்லுக்குள் கட்டியாகி, விரிந்து, கல்லை உள்ளிருந்தே உடைத்திருக்கிறது. சூறாவளி எடுத்தது கூரையை மட்டும்தான். சுவரைத் தின்றது அதற்குப் பிறகு பூசிய பூச்சு.

இதை எனக்கு விளங்கப்படுத்தியது ஒரு வயதான மேசன். அவருக்கு முன்னால் வந்து பார்த்த மூன்று பேரும் "இடிச்சுப்போட்டு புளொக் கல்லுல கட்டுங்க, மலிவு" என்றுதான் சொன்னார்கள். இவர் சுவரில் காதை வைத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, "மகள், இது குடிச்சு வியர்க்கிற சுவர். வியர்க்க விடுங்க, நிக்கும்" என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் முழு வேலையும் நின்றது.

அப்புறம் நாங்கள் செய்த வேலையில் பாதி, முன்னால் செய்ததைக் கழற்றும் வேலை. சீமெந்தைச் சின்ன உளியால் கொத்தினோம். மெஷின் வைத்தால் மண்சாந்தில் கட்டிய செங்கல் ஆடிவிடும். பொடிந்த கற்களை ஒவ்வொன்றாக எடுத்து, பக்கத்தில் இடிந்த ஒரு பழைய மதிலிலிருந்து வாங்கிய செங்கல்லை வைத்தோம். பிறகு சுவரை அம்மணமாக ஒரு கோடை முழுவதும் காய விட்டோம். ஊர்ச்சனம் வேலை நின்றுபோய்விட்டது என்று நினைத்தார்கள்.

சுண்ணாம்பு அடுத்த கதை. முன்பு இந்தக் கரையில் முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறையை, சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுத்தார்கள். இப்போது கடலில் முருகைக்கல் எடுக்கச் சட்டம் விடாது. விடவும் கூடாது, அலையின் வேகத்தை முதலில் வாங்கிக்கொள்வது அதுதான். சிப்பி சுட்ட சுண்ணாம்பைத் தேடி எடுத்தோம். சுட்ட சிப்பியில் தண்ணீர் விட்டதும் அது கொதிக்கும், சத்தியமாகக் கொதிக்கும், கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் பக்கத்தில் நிற்கக் கூடாது. நீற்றிய சுண்ணாம்பைக் குழியில் தண்ணீர் மூடி இரண்டு மாதம் வைத்தால் தயிர் மாதிரி வரும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு ஆற்று மணல். சுவரில் ஏறிய பிறகு அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சித் திரும்பவும் கல்லாகிறது. அதற்கு அவசரம் ஆகாது. நாங்கள் அவசரப்பட்டோம். ஆடி மாதக் கச்சான் காற்றில் முதல் சுவரைப் பூசினோம். நெருப்பு மாதிரி அடிக்கிற அந்தக் காற்றில் பூச்சு இரண்டே நாளில் காய்ந்து, வெடித்த வயல் மாதிரிப் பிளந்தது. முழுவதையும் வழித்து எடுத்தோம். மாரி முடிந்து மாசி பிறந்த பிறகு, மெல்லிய மூன்று பூச்சாக, ஈரச் சாக்குத் தொங்கவிட்டு, திரும்பப் பூசினோம். அது நிற்கிறது.

கூரையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை, காசில் பாதியைத் தின்றது என்பதைத் தவிர. சூறாவளிக்குப் பிறகு போட்ட அஸ்பெஸ்டஸ் சீற்றுகளை நனைத்து, உடைக்காமல், ஆணி கழற்றி முழுதாக இறக்கினோம். இதை யாரும் வெட்டவோ நொறுக்கவோ வேண்டாம். அந்தத் தூசு நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது. கீழே கூரையைத் தாங்கும் பனஞ்சிலாகைகள் பெரும்பாலும் நல்லாகவே இருந்தன. கறையான் தொட்டவற்றை மட்டும் மாற்றி, மேலே பழைய கள்ளிக்கோட்டை ஓடு. கதவு நிலைகள் முதிரை மரம். அவற்றில் இருந்த பச்சைப் பெயின்றைச் சுரண்டியதும் வந்த தேன் நிறத்துக்கு முன்னால் பெரியம்மா கதிரையைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தா.

நெல் வைக்கிற அறையில்தான் நான் அதிக நாள் செலவழித்தேன். அந்த அறைக்குச் சீமெந்து போகவில்லை; வருடா வருடம் அடித்த வெள்ளை மட்டும் தோல் தோலாக இருந்தது. மேலே வெள்ளை, அதற்குக் கீழே நீலம் கலந்த வெள்ளை, அதற்கும் கீழே காவி. நீலத்தை மெல்லத் தட்டி எடுத்தபோது கதவுக்குப் பின்னால் கரிக்கோடுகள் தெரிந்தன. நாலு கோடு நிமிர்த்தி, குறுக்கே ஒரு கோடு. அப்படிப் பதினொரு கூட்டம். பக்கத்தில் நடுங்கின எழுத்தில் "அவணம்" என்று ஒரு சொல், நெல்லின் அளவு. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை வயலிலிருந்து தோணியில் வந்த நெல்லை யாரோ எண்ணி வைத்த கணக்கு. பெரியம்மா கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, "இது அம்மாட கை. 'ண'வுக்கு ஒரு சுழி கூடப் போடுவா" என்றா. அந்தச் சுவரில் ஒன்றும் பூசவில்லை. அந்த அறை இப்போது படுக்கை அறை. கட்டில் தலைமாட்டை அந்தப் பக்கம் வைக்காமல் எதிர்ப்பக்கம் வைத்தோம், படுத்துக்கொண்டே பார்க்கலாம்.

குளியலறையை வீட்டுக்குள் கொண்டுவரச் சொல்லித்தான் எல்லாரும் சொன்னார்கள். மறுத்தோம். மண்சாந்துச் சுவருக்குள் குழாய் போட்டு, அது ஒருநாள் ஒழுகினால், திரும்பவும் அதே கதை. பழைய குசினி இருந்த இடத்தில் தனியாகக் கட்டி, மூடின நடையால் வீட்டோடு இணைத்தோம். பத்து அடி நடக்க வேண்டும். ஏசியும் இல்லை. உயரமான கூரை, ஓடு, எதிரெதிர் யன்னல், நுளம்பு வலை, ஒரு மின்விசிறி. ஆனி, ஆடியில் பகல் சூடு இருக்கும், அதை வருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லத்தான் வேண்டும். மாரியில் வாவி ஏறும், அதையும்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குக் கோபம் வந்தது. இணையத்தில் வீடுகளை விளம்பரப்படுத்தித் தருகிற ஒரு முகவர் படங்களைப் பார்த்துவிட்டு, "டச்சுக் காலத்து பங்களா என்று போடுவோம், வெளிநாட்டுக்காரர் விரும்புவார்கள்" என்றார். ஒல்லாந்தர் 1638இல் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த கோட்டை புளியந்தீவில் இருக்கிறது; விரும்புகிறவர்கள் போய்ப் பார்க்கட்டும், பார்க்க வேண்டிய இடம்தான். யன்னல், விறாந்தை, குசினி, கதிரை என்று நாங்கள் நாள் முழுக்கச் சொல்கிற சொற்களும் போர்த்துக்கேயரோடு வந்தவைதான். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் இந்த வீட்டைக் கட்டியது ஒரு குருமண்வெளி விவசாயி, தன் மகளுக்காக. நெல் விற்ற காசில் கட்டினார். அதை ஒரு துரையின் பெயரில் விற்றால், கதவுக்குப் பின்னால் கோடு போட்ட பெத்தா எங்கே போவா? விளம்பரத்தில் "சீதன வீடு" என்றே போட்டோம். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபைக்கான விண்ணப்பத்திலும் அதே பெயர்.

அன்றிரவு நெல்லறையில் படுத்தேன். பத்து மணிக்குமேல் வாவிக் காற்று வந்தது. சுவரில் கையை வைத்தால் குளிர்ச்சி, ஆனால் ஈரம் இல்லை. அந்த ஒன்றுக்காகத்தான் இரண்டு வருடம்.

விடியப்புறம் எழுந்து துறைக்கு நடந்தேன். இங்கிருந்து மண்டூருக்குப் பாதை போகும். ரோட்டைச் சொல்லவில்லை, ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றி வாவியைக் கடக்கிற மிதவைக்கு எங்கள் ஊரில் பாதை என்றுதான் பெயர். மண்வெட்டியோடு வயலுக்குப் போகிறவர்கள், வெள்ளைச் சட்டையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஒரு ஆடு. அக்கரையில் மண்டூர் முருகன் கோயில். திரைக்குப் பின்னால், வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, மந்திரம் சொல்லாமல் பூசை நடக்கும் கோயில். விருந்தாளிகளுக்கு நான் சொல்லப்போகும் முதல் பயணம் இதுதான். வாவித் தண்ணீருக்குள்ளிருந்து வரும் பாடும் மீனின் ஓசையைக் கேட்க வேண்டுமென்றால் நிலாக் காலத்தில் கல்லடிக்குப் போகட்டும்.

திரும்பி வந்து பிட்டும் கூனிச் சுண்டலும் சாப்பிட்டுவிட்டு முன்மண்டபத்தைக் கூட்டும்போது, மேற்குச் சுவரின் அடியில், கணுக்கால் உயரத்தில், மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்றைக் கண்டேன். உப்பு. நெஞ்சு பகீரென்றது. மேசனுக்குப் போன் எடுத்தேன். "உள்ளுக்கு மிஞ்சினது வெளிய வருது மகள். நல்லது. காஞ்ச தூரிகையால தட்டி விடுங்க, தண்ணி மட்டும் படக் கூடாது. ஏறுதா இறங்குதா எண்டு பாருங்க."

கோட்டின் மேல் விளிம்பில் பென்சிலால் ஒரு கீறல் போட்டு, பக்கத்தில் திகதி எழுதினேன். பிறகு பென்சிலைப் பெரியம்மாவிடம் கொடுத்தேன், மாதம் ஒரு கோடு போடச் சொல்லி. அவ அதை வாங்கிக் கொண்டையில் செருகிக்கொண்டு, எனக்குத் தயிர் முட்டி கட்டப் போனா.