எட்டாம் நம்பர் கூண்டு

ஹாங்காங்கில் இருக்கும் என் மனைவியின் தம்பி தெளிவாகத்தான் சொல்லியிருந்தான். "மாமா, அக்காவைக் கூட்டிக்கிட்டு அக்டோபர் பாதிக்கு மேல வாங்க. நவம்பர்னா இன்னும் நல்லது. மார்ச், ஏப்ரல்ல வந்தா ஈரம், சுவரே வேர்க்கும். அம்மா கொடுத்துவிடற அப்பளம் பொரிச்சு தட்டுல வைக்கிறதுக்குள்ள நமுத்துப் போயிடும். ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் மழை, புயல். அந்தப் பக்கமே தலைவெச்சுப் படுக்காதீங்க."

நான் செப்டம்பரில் டிக்கெட் போட்டேன். பாதி விலைக்குக் கிடைத்தது. ஏன் பாதி விலை என்று யோசிக்கிற பழக்கம் எனக்கு இல்லை, மனைவிக்கு உண்டு. கேட்டாள். "கடலூர்க்காரனுக்கே புயல் காட்டப் போறாங்களா?" என்று சொல்லிவிட்டேன். அந்த வசனத்தை அவள் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டது பிறகுதான் தெரிந்தது.

போன அன்றே மோங்கோக் கடைத்தெருவில் நடக்கும்போது உச்சந்தலையில் 'சொட்'டென்று ஒரு துளி. என் உச்சந்தலையில் முடி கொஞ்சம் தள்ளித் தள்ளித்தான் நிற்கும் என்பதால் துளி நேராகத் தரையிறங்கியது. பத்தடி போனதும் இன்னொன்று. மழை வந்துவிட்டது என்று குடையை விரித்தேன். சுற்றிலும் நூறு பேர், ஒருவர் கையிலும் குடை இல்லை. மச்சான் மேலே கையைக் காட்டினான். இருபது மாடிக்கும் ஜன்னலுக்கு ஜன்னல் ஏசி பெட்டி, ஒவ்வொன்றும் அதனதன் கணக்குக்குச் சொட்டிக்கொண்டிருந்தது. குடையை மடக்கினேன். மறுபடி சொட்டியது. மறுபடி விரித்தேன்.

வெளியே 32 டிகிரி, நனைந்த போர்வையைப் போர்த்திக்கொண்டு நடப்பது போன்ற புழுக்கம். கடைக்குள் நுழைந்தால் மார்கழிக் குளிர். வெளியே வந்த நொடியில் மூக்குக் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து கண் தெரியாது. ஒரு நாளைக்கு முப்பது தடவை கண்ணாடியைத் துடைத்தேன். மனைவி சென்னையிலிருந்து ஸ்வெட்டர் கொண்டுவந்திருந்தாள். "செப்டம்பருக்கு ஸ்வெட்டரா?" என்று அதற்கும் விமானத்தில் சிரித்திருந்தேன். கணக்கு ஏறிக்கொண்டே போனது.

மறுநாள் காலை மச்சானின் போனில் ஒன்றாம் எண் எச்சரிக்கை வந்தது. மாலையில் மூன்று. எனக்கு உற்சாகமாகிவிட்டது. இது நம்ம சப்ஜெக்ட். கடலூர் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுவதைச் செய்தியில் கேட்டே வளர்ந்தவன் நான். ஒன்றும் இரண்டும் எங்கோ தூரத்தில், மூன்றும் நான்கும் உள்ளூர் எச்சரிக்கை, ஐந்திலிருந்து ஏழு வரை அபாயம், எட்டிலிருந்து பத்து வரை பெரும் அபாயம். பதினொன்று என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். "எங்க ஊர்ல மூணுக்கெல்லாம் துணியைக்கூட உள்ளே எடுக்க மாட்டாங்க" என்றேன்.

"இங்க மூணுக்கு அப்புறம் நேரா எட்டு, மாமா."

"நடுவுல நாலு, அஞ்செல்லாம்?"

"கிடையாது. முன்னாடி இருந்த அஞ்சு, ஆறு, ஏழு, எட்டை 1973ல ஒரே எட்டாக்கி, காத்தடிக்கிற திசைக்கு ஒண்ணுன்னு நாலா வெச்சுட்டாங்க. எட்டு வந்தா ஆபீஸ், ஸ்கூல் எல்லாம் லீவு."

அவன் ஆபீஸ்காரர்களுக்கு எட்டு என்றால் வேண்டுதல் மாதிரி. ஆனால் புயல் பெரும்பாலும் லீவு நாளில் வரும், அல்லது எல்லாரும் வேலைக்குப் போன பிறகு வரும், அல்லது திரும்பிப் போய்விடும். பெரும் பணக்காரர் லீ கா-ஷிங் தன் ஆட்கள் வேலைக்கு மட்டம் போடாமலிருக்க ஊரைச் சுற்றி ஒரு மந்திர வேலி போட்டிருக்கிறார் என்பது அங்கே பழைய ஜோக். ஆட்சியர் லீவு விடுவாரா என்று டிவி முன்னால் தவம் கிடக்கிற நம் பிள்ளைகளுக்கு அந்த ஜோக்கை மொழிபெயர்க்கவே வேண்டாம்.

மூன்றாம் நாள் காலையிலும் மூன்றுதான். மச்சான் வேண்டாம் என்றான். நான் மனைவியைக் கூட்டிக்கொண்டு ஸ்டார் ஃபெரியில் அக்கரை போய், அங்கிருந்து பீக் மலை உச்சிக்கு ஏறினேன். ஊர் முழுவதையும் அங்கிருந்து பார்க்கலாம் என்பார்கள். நாங்கள் பார்த்தது வெள்ளை. இட்லித் தட்டைத் திறந்த மாதிரி ஆவி. கம்பியைப் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் அந்த வெள்ளையைப் பார்த்தோம். மனைவி அதைப் போட்டோவும் எடுத்தாள், ஆதாரத்துக்கு.

இரண்டு மணிக்கு மச்சானிடமிருந்து போன். இன்னும் இரண்டு மணி நேரத்துக்குள் எட்டு ஏற்றப் போகிறார்களாம், உடனே கிளம்பச் சொன்னான். இறங்கி வந்து பார்த்தால் ஊரிலிருந்த அத்தனை ஆபீஸும் ஒரே நேரத்தில் கதவைத் திறந்துவிட்டிருந்தது. மெட்ரோ ரயிலில் எங்களை யாரோ ஏற்றினார்கள், ட்சுன் வானில் யாரோ இறக்கினார்கள். "பிரெட் வாங்கிட்டு வாங்க" என்று மெசேஜ். கடையில் பிரெட் அலமாரி துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. மூலையில் திராட்சை போட்ட பாக்கெட் ஒன்று, யாரோ மிதித்த தினுசில் சப்பையாகக் கிடந்தது. எடுக்கலாமா என்று நான் யோசிப்பதற்குள் ஒரு பாட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

34வது மாடியில், ஜன்னல் கண்ணாடிகளில் பெருக்கல் குறி போல டேப் ஒட்டிவிட்டு உட்கார்ந்திருந்தோம். எட்டு ஏறியது. காற்று ஜன்னல் இடுக்கில் விசிலடித்தது. 2018ல் மாங்குட் புயலுக்குப் பத்தாம் எண் ஏற்றினார்கள், உயர மாடிகளில் டாய்லெட் கோப்பைத் தண்ணீரே ஆடியது என்றான் மச்சான். அப்புறம் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. அரை மணிக்கொரு தரம் போய்க் கோப்பைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஆடிய மாதிரியும் இருந்தது, ஆடாத மாதிரியும் இருந்தது.

ஒன்பது மணிக்குக் கடலூரிலிருந்து அத்தை பேசினார்.

"மாப்ள, அங்க ஏதோ புயலாமே. எத்தனாம் நம்பர் கூண்டு?"

நான் உள்ளதைச் சொன்னேன். எட்டு.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அத்தை 2011 டிசம்பர் 30 விடிகாலையில் தானே புயலைக் கதவுக்கு முதுகைக் கொடுத்துத் தாங்கியவர். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்துகிடந்ததை நேரில் பார்த்தவர். அவருக்கு எட்டு என்றால் எட்டுதான். "ஐயோ, என் புள்ளைங்க!" என்று எடுத்த குரலில் போனை நான் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. இந்த ஊர் எட்டு வேறு, லீவு எட்டு, நாங்கள் சீட்டு ஆடிக்கொண்டிருக்கிறோம் என்று விளக்குவதற்குள் லைன் போய்விட்டது. திரும்பக் கூப்பிட்டேன், கிடைக்கவில்லை. தொடர்பு அறுந்தால் பதினொன்று என்பதும் அவருக்குத் தெரியும்.

விடிந்தபோது புயல் மேற்கே நகர்ந்துவிட்டிருந்தது. மதியத்துக்குள் மூன்றுக்கு இறக்கிவிட்டார்கள். தெருவில் உடைந்த கிளைகள், திரும்பிக்கொண்ட குடைகள். ஊர் ஒன்றும் நடக்காத மாதிரி வேலைக்குப் போனது, நாங்கள் விமானத்துக்குப் பெட்டி கட்டினோம்.

அத்தையின் லைன் காலையிலேயே கிடைத்துவிட்டது. அழுகை நின்று குரல் தெளிவாக இருந்தது. ராத்திரியே திருவந்திபுரம் பெருமாளிடம் வேண்டிக்கொண்டாராம். எல்லாரும் பத்திரமாகத் திரும்பினால் மொட்டை.

"யாருக்கு அத்தை?"

"உங்களுக்குத்தான் மாப்ள. டிக்கெட் போட்டது நீங்கதானே?"

தகவல் எங்கிருந்து போயிருக்கும் என்று தனியாக விசாரிக்கவில்லை. மனைவி ஸ்வெட்டரை மடித்துக்கொண்டிருந்தாள்.

நவம்பரில் ஒரு நல்ல நாள் பார்த்துப் போனோம். தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கும்போது போன் அதிர்ந்தது. மச்சான் பீக் உச்சியிலிருந்து போட்டோ அனுப்பியிருந்தான். நீல வானம், துறைமுகம், கட்டடம் கட்டடமாக முழு ஊரும் தெரிந்தது. முடித்துவிட்டு வெளியே வந்தேன். புது மொட்டையில் 'சொட்'டென்று ஒரு துளி. நிமிர்ந்து பார்த்தேன், ஏசி எதுவும் இல்லை. கடலூர் துறைமுகத்தில் அன்றைக்கு ஒன்றாம் எண் கூண்டு ஏற்றியிருந்தார்கள்.