ஒன்றரை முழம் ரிப்பன்

அயர்லாந்தின் கார்க் நகரத்துக்கு நான் குடிவந்த புதிதில் பக்கத்து வீட்டுப் பாட்டியின் கார் கண்ணாடியில் ஒரு வெளுத்துப்போன ரிப்பன் தொங்குவதைப் பார்த்து, பரிசுப் பொட்டலத்தில் இருந்து எடுத்தது போல என்றுதான் நினைத்தேன். அப்புறம்தான் சொன்னார், அது கொப்னிட் அம்மாவின் அளவாம். வருஷந்தோறும் பிப்ரவரி 11 அன்று பாலிவூர்னி என்ற ஊரில் புனித கொப்னிட்டின் மரச் சிலையை வெளியே எடுப்பார்கள், கொண்டுபோன ரிப்பனை அதன் மேல் வைத்து நாமே அளந்துகொண்டு வரலாம், வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் வலிக்கிற இடத்தில் அதைச் சுற்றலாம் என்றார். மதுரையில் என் அம்மாவுக்கு நாலு வருஷமாக மூட்டு வலி. சரி, போய்விடுவோம் என்று லீவு போட்டுவிட்டேன்.

கார்க்கிலிருந்து மேற்கே கில்லார்னி போகிற சாலையில், மக்ரூம் தாண்டி, ஏறக்குறைய ஒரு மணி நேரம். இன்றும் ஐரிஷ் பேசுகிற பகுதி அது. வழியில் கிளாண்ட்ரோகிட் பக்கம் வந்ததும் பாட்டி மான் கதையை ஆரம்பித்தார். 6-ஆம் நூற்றாண்டில் கொப்னிட் பகைவர்களிடமிருந்து தப்பி இனிஷியர் தீவில் இருந்தபோது தேவதூதர் வந்து, உன் இடம் இது இல்லை, ஒன்பது வெள்ளை மான்கள் மேயும் இடத்தில் தங்கு என்றாராம். கிளாண்ட்ரோகிட்டில் மூன்று மான், பாலிமகீராவில் ஆறு, பாலிவூர்னியில் ஒன்பது. அந்த மூன்று ஊர்களும் இன்றும் பெயர்ப்பலகையோடு வரிசையாக வருவதால், கதை கேட்டுக்கொண்டே காரில் போகிறவருக்கு மானை எண்ணுவது ரொம்ப சுலபம்!

சுலான் ஆற்றைத் தாண்டிக் கொஞ்சம் மேலே ஏறினால் தலம். முதலில் தெரிவது தேன்கூட்டின் மேல் நிற்கும் கொப்னிட்டின் கற்சிலை, சேமஸ் மர்ஃபி என்ற சிற்பி 1951-இல் செய்தது. மாடு திருட வந்தவர்கள் மேல் தேனீக்களை ஏவி விரட்டியவர் என்பதால் தேனீ வளர்ப்பவர்களுக்கு அவர்தான் காவல். எதிரே வட்டமான ஒரு கல் வீட்டின் அடித்தளம், பக்கத்தில் கிணறு. அதே 1951-இல் அந்த வட்டத்தை ஓ கெல்லி என்ற தொல்லியல் பேராசிரியர் தோண்டினார். பின்னாளில் நியூகிரேஞ்ச் என்ற கற்காலக் கல்லறைக்குள் மார்கழிச் சூரியன் நுழைவதைக் கண்டவர் அவர்தான். இங்கே அவருக்குக் கிடைத்தது இரும்பு உருக்கிய கசடு. கொப்னிட் என்ற பெயரே ஐரிஷில் கொல்லன் என்ற சொல்லோடு தொடர்புள்ளது என்பார்கள். தேனீக்காரி என்று நினைத்துப் போனவளுக்குக் கொல்லப்பட்டறை!

சுற்றி வருவதற்கு துரஸ் என்று பெயர், பயணம் என்று அர்த்தம். சூரியன் போகிற திசையில்தான், அதாவது வலமாக. எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு இடத்திலும் ஜெபம் சொல்லி, ஒரு கூழாங்கல்லால் அங்குள்ள கல்லில் சிலுவைக்குறி கீறுகிறார்கள். தலைமுறை தலைமுறையாகக் கீறிக் கீறி அந்தக் கோடுகள் பள்ளமாகிவிட்டன. கல்லை அழுத்தினேன், விரல் தானாக அதே பள்ளத்தில் ஓடியது.

பாழடைந்த பழைய சர்ச்சின் சுவரில் ஒரு உருண்டை பதிந்திருக்கிறது, அகேட் கல். வம்புக்காரன் ஒருவன் ஊரில் கோட்டை கட்டக் கட்ட, கொப்னிட் இந்த உருண்டையை எறிந்து இடித்துக்கொண்டே இருந்தாராம். எறிந்தது ஒவ்வொரு முறையும் அவர் கைக்கே திரும்பி வந்துவிடும். கைக்குட்டையால் அதைத் தொட்டு முகத்தில் ஒற்றிக்கொள்கிறார்கள். கொள்ளைநோய் வந்தபோது கைத்தடியால் ஊர் எல்லையில் கோடு கிழித்துத் தடுத்தார் என்றும் சொல்கிறார்கள், அந்தப் பக்கத்து வயலுக்கு இன்றும் ஐரிஷில் கொள்ளைநோய் வயல் என்றே பெயர்.

ஆனால் என்னை நிற்க வைத்தது வேறு. 1602 டிசம்பர் 31 அன்று, ஆங்கிலேயரோடு நடந்த போரில் தோற்ற ஓ சலிவன் பேர் என்ற ஐரிஷ் தலைவர் ஆயிரம் பேரோடு கிளென்காரிஃபிலிருந்து வடக்கே லீட்ரிமை நோக்கிப் புறப்பட்டார், குழந்தை குட்டிகளோடு, பனியில். மறுநாள் அவர்கள் நின்று வேண்டிக்கொண்டது இங்கேதான். இரண்டு வாரம் கழித்துப் போய்ச் சேர்ந்தவர்கள் 35 பேர். நான் முழங்கால் வலிக்கு வேண்ட வந்தவள், கொஞ்ச நேரம் எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

கடைசியில் மரச் சிலை. 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, ஒன்றரை முழம்தான் இருக்கும், முகமெல்லாம் தேய்ந்து மரத்தின் ரேகை தெரிகிறது. வரிசையில் ஆளுக்கொரு ரிப்பன் சுருள், நான் மட்டும் ஒரே ஒரு மீட்டர். நம் ஊரில் மூலவரைக் கிட்டத்தில் பார்க்கவே தவம் இருக்க வேண்டும், இங்கே தலை முதல் கால் வரை ரிப்பனை நீட்டி, அப்புறம் இடுப்பைச் சுற்றி, எல்லாம் நம் கையாலேயே. நெடுக அளந்ததிலேயே என் ரிப்பன் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது, மீதி ஒரு சாண் சொச்சம். சுற்றளவுக்கு என்ன செய்வது என்று விழித்தேன். பின்னால் நின்ற அம்மாள் ஒன்றும் கேட்காமல் தன் சுருளிலிருந்து வேண்டியதை வெட்டி என் கையில் வைத்து, "யாருக்கு?" என்றார். அம்மாவுக்கு என்றேன். "அப்படியானால் முடிச்சுப் போட்டு ஒன்றாக்கிக் கொடு" என்றார்.

என்னுடையது நீலம், அவருடையது மஞ்சள். பாதி நீலமும் பாதி மஞ்சளுமாக அது மதுரைக்குத் தபாலில் போனது. அம்மா முழங்காலில் கட்டிக்கொள்ளவில்லை. சாமி படத்தில் தொங்கவிட்டிருக்கிறார், தினமும் அதற்கும் சேர்த்துத்தான் கற்பூரம் காட்டுகிறாராம்.