பிரசவத்துக்கு முன்பே கேட்டுவிட வேண்டியவை

பிரசவத்துக்குப் பின் யாருக்கு மனச்சோர்வு வர வாய்ப்பு அதிகம் என்று பார்க்கும் வேலையைக் குழந்தை பிறந்த பிறகு தொடங்கினால் தாமதம்தான். அப்போது தாய்க்குப் பேச நேரமும் இருக்காது, தெம்பும் இருக்காது. கர்ப்ப காலப் பரிசோதனைக்கு வரும்போதே கேட்டுக் குறித்துவிட வேண்டும்.

முதலில் பழைய வரலாறு. முன்பு மனச்சோர்வு வந்ததா, முந்தைய பிரசவத்துக்குப் பின் எப்படி இருந்தார், இந்தக் கர்ப்பத்தில் பதற்றமோ சோர்வோ உண்டா. மற்ற காரணிகளைவிட இவை கனமானவை. ஆனால் "மனச்சோர்வு இருந்ததா?" என்று கேட்டால் "இல்லை" என்றே பதில் வரும். தனக்கு வந்ததற்கு அப்படி ஒரு பெயர் உண்டென்றே பலருக்குத் தெரியாது. "வாரக்கணக்கில் எதிலும் மனம் ஒட்டாமல் இருந்த காலம் உண்டா? மாத்திரை எடுத்தீர்களா?" என்று கேளுங்கள். கர்ப்பம் உறுதியானதும் மாத்திரையைத் தானாகவே நிறுத்திய சங்கதி பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் வெளிவரும். திடீரென நிறுத்தினால் நோய் திரும்பும் அபாயம் கூடும். தொடர்வதா, மாற்றுவதா என்பதை மருத்துவரோடு பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

தூக்கமே தேவைப்படாமல் அளவுமீறிய உற்சாகத்தில் இருந்த நாட்கள் உண்டா என்பதையும் விடாதீர்கள். அளவுமீறிய உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறு அவருக்கு இருந்தால், பிரசவத்துக்கு முன்பே மனநல மருத்துவர் பார்த்தாக வேண்டும். இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு மனப்பிறழ்வு, அதாவது நிஜம் எது என்று பிரித்தறிய முடியாத நிலை, வரும் அபாயம் அதிகம். பிரசவத்துக்குப் பின் வரும் இந்த மனப்பிறழ்வு பொதுவாக 1000 பேரில் 1 அல்லது 2 பேருக்குத்தான் வரும், ஆனால் பெரும்பாலும் முதல் 2 வாரத்துக்குள், மிக வேகமாக வரும்.

அடுத்தது துணை. "வீட்டில் உதவி இருக்கிறதா?" என்றால் எல்லாரும் தலையாட்டுவார்கள். "இரவு 2 மணிக்குக் குழந்தை அழுதால் உங்களைத் தவிர யார் எழுந்திருப்பார்?" என்ற கேள்விக்கு வரும் மௌனமே ஒரு பதில். அடி, மிரட்டல், பண நெருக்கடி, விரும்பாமல் உண்டான கர்ப்பம் ஆகியவற்றைத் தனியாக இருக்கும்போது மட்டுமே கேளுங்கள். கணவரோ உறவினரோ பக்கத்தில் இருக்கும்போது கேட்டால் உண்மை வராது, சில வீடுகளில் அந்தக் கேள்வியே அவருக்கு ஆபத்தாகிவிடும்.

பிரசவம் முடிந்ததும், முன்பு குறித்த காரணிகளின் பட்டியலைத் திருத்த வேண்டும். குறைமாதக் குழந்தை, அவசர அறுவை, பாலூட்டுவதில் வலி, எல்லாம் புதிதாகச் சேரும். தைராய்டுக் கோளாறும் ரத்தசோகையும் மனச்சோர்வு போலவே தோன்றும் என்பதால் ரத்தப் பரிசோதனை அவசியம்.

3 முதல் 5ஆம் நாள் வரும் அழுகையும் எரிச்சலும் பெரும்பாலான தாய்மார்களுக்கு உண்டு, 2 வாரத்துக்குள் அடங்கிவிடும். அடங்கவில்லை என்றால், பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டறிய உதவும் எடின்பரோ வினாப்பட்டியலைக் கொடுக்கலாம். 1987இல் வெளியான இதில் 10 கேள்விகள், கடந்த 7 நாட்களைப் பற்றியவை, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 மதிப்பெண், மொத்தம் 30. கூட்டுவதில்தான் தவறு நடக்கிறது. 1, 2, 4ஆம் கேள்விகளின் பதில்களுக்கு மேலிருந்து கீழாக 0, 1, 2, 3. மற்ற ஏழுக்கும் 3, 2, 1, 0. இதைக் கவனிக்காமல் கூட்டினால் துன்பத்தில் இருப்பவர் நலமாக இருப்பதாகத் தாள் சொல்லும். பொதுவாக 13 அல்லது அதற்கு மேல் என்றால் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும், 10 முதல் 12 என்றால் 2 வாரம் கழித்து மறுபடி கேட்க வேண்டும். மொழிபெயர்ப்பைப் பொறுத்து இந்த எல்லை குறையவும் செய்யும். மதிப்பெண் நோயை உறுதி செய்யாது, நேரில் பேசித்தான் உறுதி செய்ய முடியும்.

கூட்டுவதற்கு முன்பே 10ஆம் கேள்வியைப் பாருங்கள். தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது அது. அதில் 0 அல்லாத எந்தப் பதிலும், மொத்தம் 5 ஆனாலும், அன்றைக்கே கவனிக்க வேண்டியது. எப்படி, எப்போது என்று யோசித்திருக்கிறாரா, குழந்தையைப் பற்றியும் அப்படி எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் எண்ணம் தூண்டப்படாது. ஆம் என்றால், மருத்துவர் வரும்வரை அவர் பக்கத்திலேயே ஒருவர் இருக்க வேண்டும்.