குக்கரில் வேகவைத்த ரப்பர்

நாமக்கல்லில், தேய்ந்த டயரைப் புதுப்பிக்கும் ஒரு ரீட்ரெடிங் பட்டறையில் குஷன் கம் அரை கிலோ வாங்கி வந்தேன். தேய்ந்த டயருக்கும் மேலே போடும் புதுப் பட்டனுக்கும் (சாலையில் படும் வரிப்பள்ள ரப்பர்) நடுவில் ஒட்டுவதற்கு வைக்கும் மெல்லிய கறுப்பு ரப்பர் அது. இன்னும் வேகாதது. சல்ஃபர் உள்ளேயே கலந்திருக்கும், சூடு பட்டால்தான் வேலையைத் தொடங்கும். "வெயில்ல வெச்சிராதீங்க தம்பி, தானா முத்திரும்" என்று சொல்லித்தான் பட்டறைக்காரர் கொடுத்தார்.

ரப்பர் ஒன்றேதான், அதன் சங்கிலிகளைச் சல்ஃபர் ஒன்றோடொன்று கட்டும் குறுக்குப் பிணைப்பு மட்டும் கூடிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று பார்க்க ஆசை. பத்து சென்டிமீட்டர் நீளம், ஒரு சென்டிமீட்டர் அகலத் துண்டுகளாக வெட்டி, இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவில் இறுக்கிப் பழைய குக்கரில் வைத்தேன். வெயிட் போட்ட குக்கருக்குள் 120 டிகிரி வரை வரும், இதற்கு அது போதும்.

முதல் தடவை மொத்தமும் பாழ். ரப்பரின் ஒரு பக்கம் ஒட்டியிருக்கும் நீலப் பாலித்தீனை உரிக்க மறந்துவிட்டேன். உருகித் தகட்டோடு ஒட்டிக்கொண்டது, சுரண்டி எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. சல்ஃபர் நாற்றத்தில் அம்மா குக்கரையும் என்னையும் மொட்டை மாடிக்கு அனுப்பிவிட்டார்.

இரண்டாம் தடவை சரியாக வந்தது. வேகாதது ஒன்று, 15 நிமிடம் வெந்தது ஒன்று, ஒரு மணி நேரம் வெந்தது ஒன்று. ஜன்னல் கம்பியில் கட்டி, ஒவ்வொன்றிலும் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டேன். வேகாதது நின்ற இடத்தில் நிற்கவில்லை. இழுபட்டுக்கொண்டே போய், இரவு எப்போதோ அறுந்து விழுந்திருந்தது. 15 நிமிடத் துண்டு உடனே 19 சென்டிமீட்டர் வந்தது, காலையில் 23. பாட்டிலைக் கழற்றியும் பழைய நீளத்துக்குத் திரும்பவில்லை, 12-லேயே நின்றுவிட்டது. ஒரு மணி நேரத் துண்டோ 13-க்கு வந்து அங்கேயே நின்றது. கழற்றியதும் பத்துக்கே போய்விட்டது.

வேகாத ரப்பர் ஒரு தட்டு இடியாப்பம். நீளச் சங்கிலிகள் சிக்கிக் கிடக்கும், ஆனால் பொறுமையாக இழுத்தால் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி வந்துவிடும். சல்ஃபர் அங்கங்கே முடிச்சுப் போட்டுவிட்டால் அது வலை. முடிச்சு நெருங்க நெருங்க வலை விறைப்பாகிறது, வழுக்கலும் நின்றுபோகிறது. பெயின்ட் கடை டர்பன்டைனில் ஊறப்போட்டபோது இது இன்னும் நன்றாகத் தெரிந்தது. இரண்டே நாளில் வேகாத துண்டு கரைந்து கறுப்புக் கஞ்சி. 15 நிமிடத் துண்டு நாலு மடங்கு எடைக்கு ஊதி, தொட்டால் பிய்ந்தது. ஒரு மணி நேரத் துண்டு இரண்டரை மடங்கோடு நிறுத்திக்கொண்டது.

எனக்கு மிகப் பிடித்தது சூடு காட்டிப் பார்த்ததுதான். பாட்டில் தொங்கும்போதே ஹேர் டிரையரைப் பிடித்தேன். ஒரு மணி நேரத் துண்டு பாட்டிலை மேலே தூக்கியது! மூன்று நான்கு மில்லிமீட்டர்தான், ஆனால் சுவரில் பென்சில் கோடு போட்டு வைத்திருந்ததால் சந்தேகமே இல்லை. இரும்புக் கம்பி சூட்டில் நீளும், இது சுருங்குகிறது. சூட்டில் சங்கிலிகள் இன்னும் வேகமாகத் துள்ளும், துள்ளுகிற சங்கிலி சுருண்டுகொள்ளவே பார்க்கும், முடிச்சுகள் வழியே அந்த இழுப்பு துண்டு முழுவதற்கும் போய்ச் சேரும். இங்கிலாந்தில் ஜான் கஃப் என்ற பார்வையற்ற அறிஞர் 1805-லேயே இதை எழுதியிருக்கிறார். ரப்பரைச் சட்டென்று இழுத்தால் அது சூடாவதை உதட்டில் வைத்து உணர்ந்தாராம். நானும் வைத்துப் பார்த்தேன், நிஜம். டயர் வாசனைதான் சகிக்கவில்லை.

15 நிமிடத் துண்டுக்கும் டிரையரைக் காட்டினேன். அது மேலே போவதாவது, கீழே இறங்கியது. பிடித்து நிறுத்தப் போதுமான முடிச்சு இல்லை, சூட்டில் இன்னும் வழுக்கிவிட்டது.

அப்புறம் பேராசை. ஒரு துண்டை மைக்ரோவேவ் பக்கத்தில் சும்மா கிடந்த ஓடிஜி மின் அடுப்பில் 180 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் விட்டேன். கட்டை போல் விறைத்துவிடும் என்று நினைத்தேன். வெளியே வந்தது ஒரு மணி நேரத் துண்டைவிடத் தொளதொளவென்று, மேல்பக்கம் விரலில் பிசுபிசுத்தது. பட்டறைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "ஓவரா வெந்துருச்சு. இயற்கை ரப்பர் அப்படித்தான் திரும்பிரும் தம்பி" என்றார், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். பல சல்ஃபர் அணுக்கள் கோத்த நீளமான பாலங்கள் அதிகச் சூட்டில் அறுந்துவிடுமாம், போட்ட முடிச்சையே சூடு அவிழ்த்துவிடுகிறது.

கட்டையாக வேண்டுமென்றால் வேகவைக்கும் நேரத்தைக் கூட்டிப் பயனில்லை, சல்ஃபரைக் கூட்ட வேண்டும். நூறு பங்கு ரப்பருக்கு இரண்டு மூன்று பங்கு போட்டால் டயர், முப்பதுக்கு மேலே போனால் எபோனைட் என்ற கட்டை ரப்பர். திருவள்ளூரில் கடைந்த எபோனைட் பேனா ஒன்று என் சட்டைப் பையில் இருக்கிறது. அதன் மூடிக்கும் டிரையர் காட்டிப் பார்க்கலாமா என்று கை துறுதுறுக்கிறது. எழுபது எண்பது டிகிரியிலேயே இளகிவிடும் என்பதால் இன்னும் துணியவில்லை.